எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

வீட்டுக்கு முதன்முதலாக ஒரு மைக்ராஸ்கோப் வாங்குவது பற்றி எழுதப் போகிறேன். பள்ளிக்கு அல்ல, ஆஸ்பத்திரி லேபுக்கும் அல்ல. வீட்டில் பிள்ளை பார்ப்பதற்கு, நாமும் எட்டிப் பார்ப்பதற்கு, பார்த்ததைப் படம் எடுத்து வைப்பதற்கு. "இதெல்லாம் நமக்கெதுக்கு வாத்தியாரே" என்று கேட்கிறவர்கள் பாதி வரைக்குமாவது வாருங்கள். நம் திருவக்கரைக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

என்னிடம் படித்த ஒருவர், இப்போது கம்பெனி வேலையில் இருப்பவர், வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி, அதற்குள் ஒரு மைக்ராஸ்கோப், பக்கத்தில் குட்டிக் குட்டிப் பாட்டில்கள், பெட்டி மேல் பெரிய எழுத்தில் 2000 மடங்கு. "சார், பாப்பா எட்டாவது படிக்குது, ரொம்ப நாளா கேக்குது. 1200 மடங்கு ஒண்ணு இருக்கு, 2000 மடங்கு ஒண்ணு இருக்கு. எட்டாயிரம் வரைக்கும் போடலாம்னு இருக்கேன். எது வாங்கட்டும் சார்?"

இரண்டும் வேண்டாம்ப்பா என்றேன். ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் அவருக்கு ஷிப்ட்டுக்கு நேரமாகிவிடும். அதனால் எல்லாருக்குமாக இங்கே.

கல்யாண வீட்டிலும் மஞ்சள் நீராட்டு விழாவிலும் பிளக்ஸ் பேனர் வைக்கிறோம் அல்லவா? வாட்ஸப்பில் வந்த ஒரு சின்ன போட்டோவைக் கொடுத்து பத்தடிக்கு அடிக்கச் சொல்கிறோம். கடைக்காரரும் அடித்துக் கொடுத்துவிடுவார். ரோட்டிலிருந்து பார்த்தால் மாமா மாமாவாகத்தான் தெரிவார். கிட்டே போய்ப் பார்த்தால் மீசை எது, நிழல் எது என்று தெரியாது, வெறும் சதுரம் சதுரமாக இருக்கும். பேனரைப் பத்தடியிலிருந்து இருபதடி ஆக்கினால் மீசையில் ஒரு முடியாவது கூடுதலாகத் தெரியுமா? தெரியாது. படத்தில் இல்லாததைப் பெரிதாக்கிக் கொண்டுவர முடியாது.

2000 மடங்கு என்பது அந்த இருபதடி பேனர்தான். பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் லென்ஸ் எவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்து எடுத்துக்கொடுக்கிறதோ அவ்வளவுதான் சரக்கு. கண் வைக்கும் பக்கத்து லென்ஸ் அதை ஊதிப் பெரிதாக்கும், அவ்வளவே. பொருள்பக்க லென்ஸ் உருளையின் மேல் இரண்டு எண்கள் பொறித்திருப்பார்கள். 4 என்ற லென்ஸில் பக்கத்தில் 0.10, 10-இல் 0.25, 40-இல் 0.65, எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100-இல் 1.25. நம்மவர்கள் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். இரண்டாவது எண்தான் அந்த லென்ஸின் யோக்கியதை. ஒளியை எவ்வளவு அகலமாக அது வாங்குகிறது என்பதன் அளவு. அந்த எண்ணை ஆயிரத்தால் பெருக்குங்கள். அதற்கு மேல் போகும் மடங்கெல்லாம் காற்று. 40 லென்ஸுக்கு 650, எண்ணெய் லென்ஸுக்கு 1250. சாதாரண வெளிச்சத்தில் பார்க்கும் மைக்ராஸ்கோப் எதற்கும், கோடி ரூபாய் கொடுத்து வாங்கினாலும், எல்லை கிட்டத்தட்ட அங்கேதான். பிளாஸ்டிக் லென்ஸ் போட்ட பெட்டி 2000 என்று எப்படிச் சொல்கிறது? ஊதித்தான். இரண்டாவது எண் பொறிக்காத லென்ஸாக இருந்தால் நான் விலையே கேட்க மாட்டேன்.

பணம் போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. நடக்கப் போவது என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை பெட்டியைப் பிரிக்கும். ஆசையாக ஒரு எறும்பைப் பிடித்து வைக்கும். பெரிய மடங்கில்தான் முதலில் பார்க்கும், எந்தப் பிள்ளையும் அப்படித்தான். கறுப்பாக ஏதோ தெரியும், கை பட்டால் எல்லாம் ஆடும், குமிழைத் திருகினால் ஒரு கணம் வந்து மறையும். ஒரு வாரம் முட்டி மோதிவிட்டுப் பரணில் ஏற்றிவிடும். மைக்ராஸ்கோப் மட்டம் என்று அதற்குத் தெரியாது. "எனக்கு சயின்ஸ் வராது" என்று முடிவு கட்டிவிடும். வகுப்பறையில் இருந்தவன் சொல்கிறேன், எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை அப்படி முடிவு கட்டிக்கொண்டால் பிறகு மாற்றுவது லேசில்லை. பெண்பிள்ளை என்றால் வீட்டிலேயே நாலு பேர் "ஆமாம், உனக்கெதுக்கு அது" என்று சேர்ந்துகொள்வார்கள்.

சரி, எத்தனை மடங்கு என்று கேட்கக் கூடாது, வேறு என்ன கேட்பது? அதன் கீழே எதை வைக்கப் போகிறாய் என்று கேட்க வேண்டும்.

உலகத்துப் பொருள்களை மைக்ராஸ்கோப்காரர்கள் இரண்டாகப் பிரித்துவிடலாம். வெளிச்சம் ஊடுருவிப் போவது, போகாதது. குளத்துத் தண்ணீர்ச் சொட்டு, வெங்காயத் தோல், மகரந்தம், பூச்சியின் இறக்கை இதெல்லாம் முதல் வகை. கீழேயிருந்து வெளிச்சம் விட்டு மேலேயிருந்து பார்ப்பது. பள்ளிக்கூடத்தில் நாம் பார்த்த கூட்டு மைக்ராஸ்கோப் இதற்குத்தான். கல், மணல், முழு எறும்பு, பூ, விதை, பழைய காசு, புடவையின் நெசவு, மரக்கட்டை இதெல்லாம் இரண்டாவது வகை. இவற்றின் மேல் வெளிச்சம் விழ வேண்டும். இதற்கு உள்ளது ஸ்டீரியோ மைக்ராஸ்கோப். இரண்டு கண்ணாலும் பார்ப்பது, இரண்டு கண்ணுக்கும் தனித்தனிக் கோணம், அதனால் மேடு பள்ளம் தெரியும். சாதாரணமாக 20 மடங்கு, 40 மடங்கு, அவ்வளவுதான். அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்துத்தான் யாரும் அதை வாங்குவதில்லை.

நம்மூரில் இருந்துகொண்டு நாம் எதைப் பார்ப்போம்? இங்கே கொஞ்சம் கிளைக்கதை.

பௌர்ணமிக்கு வக்கரகாளியம்மனைப் பார்க்க வருகிற கூட்டத்தில் எத்தனை பேர் கல்மரப் பூங்காவுக்குள் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். போகிறவர்களும் விழுந்து கிடக்கும் ஒரு மரத்தின் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்த மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டு என்கிறார்கள் புவியியல்காரர்கள். வேரும் கிளையும் இலையும் இல்லாமல் அடிமரங்களாகவே கிடப்பதால், வெள்ளம் எங்கிருந்தோ புரட்டிக்கொண்டு வந்து இந்த மணலில் புதைத்தது என்பது அவர்கள் கணக்கு. மணலில் ஊறிய நீரோடு வந்த சிலிக்கா மரத்துக்குள் இறங்கி, மரம் மரமாகவே கல்லாகிவிட்டது. 1781-இல் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் பார்த்து எழுதினார். 1940-இல் புவியியல் ஆய்வுத்துறை பாதுகாக்க ஆரம்பித்தது. 247 ஏக்கர். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான்.

தெரியாதது இது. உள்ளே கிடப்பவை என்னென்ன மரங்கள் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இலையில்லை, பூவில்லை, காயில்லை. மைக்ராஸ்கோப்பில்தான். கல்லை மெல்லிய சீவலாக அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு கனம் வரும்வரை தேய்த்தால் கல்லிலும் வெளிச்சம் ஊடுருவும். அப்போது உள்ளே நீர்க்குழாய்கள், செல் சுவர்கள், கதிர்க் கோடுகள் எல்லாம் நேற்று வெட்டிய மரம் போல இருக்கும். அதைப் பார்த்துத்தான் புளிய மரத்தின் குடும்பம், மருத மரத்தின் குடும்பம், புன்னையின் குடும்பம், ஆமணக்கின் குடும்பம் என்று அடையாளம் சொன்னார்கள். 1950களில் சி. ஜி. கே. ராமானுஜம் என்ற தாவரவியலாளர் தென்னார்க்காட்டுக் கல்மரங்களை இப்படி அறுத்துப் பார்த்து நிறைய எழுதினார்.

அவருக்கும் நூறு வருஷம் முன்னால், 1850களில், நம்மூர்க் கல்மரம் ஒன்றைப் பார்த்து பியூஸ் ஷ்மிடியானா என்று பெயர் வைத்தவர் ஷ்லைடன் என்ற ஜெர்மானியர். பெயர் எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? செடிகொடி எல்லாம் செல்களால் ஆனது என்று 1838-இல் சொன்னவர் என்று பாடத்தில் வருவாரே, அதே ஷ்லைடன்தான். யேனா என்ற ஊரில் பேராசிரியராக இருந்தார். அந்த ஊரில் கார்ல் ஸைஸ் என்ற இளைஞர் 1846-இல் ஒரு பட்டறை திறந்தபோது, மைக்ராஸ்கோப் செய் என்று தூண்டியவர்களில் ஷ்லைடன் முக்கியமானவர். இன்றைக்கு உங்கள் கண் டாக்டர் வைத்திருக்கும் கருவியில் ஸைஸ் என்று போட்டிருக்கும், பாருங்கள். அந்தப் பட்டறையில் பிற்பாடு சேர்ந்த எர்ன்ஸ்ட் ஆபே என்பவர்தான் ஒரு லென்ஸ் எவ்வளவு நுணுக்கம் வரை பிரித்துக் காட்ட முடியும் என்ற கணக்கை 1873-இல் சொன்னார். மேலே நான் சொன்ன இரண்டாவது எண் அவர் கணக்குதான். 2000 மடங்குப் பெட்டி பொய் சொல்கிறது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவரையும், நம்மூர்க் கல்மரத்துக்குப் பெயர் வைத்தவரையும் ஒரே பட்டறை இணைக்கிறது.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். கல்லைச் சீவி அறுப்பது வீட்டில் நடக்கிற காரியமில்லை. ஆனால் மரத்தின் நீர்க்குழாய் பெரியது. வெட்டு முகத்தில் புள்ளிப் புள்ளியாகப் பத்து மடங்கு கைலென்ஸிலேயே தெரியும். இருபது மடங்கு ஸ்டீரியோவில் இன்னும் தெளிவு. வீட்டில் இருக்கும் புளி, வேம்பு, தேக்கு, சவுக்கு இவற்றின் துண்டுகளைக் குறுக்கே அறுத்து, முகத்தைப் புது பிளேடால் சீவி, லேசாகத் தண்ணீர் தொட்டு வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் குழாய்களின் வரிசை ஒவ்வொரு தினுசு. தேக்கில் வளையம் வளையமாக இருக்கும். கல்மரத்தை அடையாளம் கண்டவர்கள் தொடங்கிய இடமும் இதுதான். (பிளேடு வேலை பெரியவர்கள் செய்ய வேண்டும்.)

ஆகவே என் கருத்து இது. வீட்டுக்கு வாங்கும் முதல் மைக்ராஸ்கோப் ஸ்டீரியோவாக இருக்கட்டும், 20 மடங்கும் 40 மடங்கும் போதும். பெரும்பாலானோர் முதலில் கூட்டு மைக்ராஸ்கோப்பைத்தான் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாரமீசியம் ஸ்டீரியோவில் ஓடுகிற வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும், வெங்காயத்தின் செல்லுக்குள் இருக்கும் உட்கரு தெரியவே தெரியாது. ஆனால் கூட்டு மைக்ராஸ்கோப்பில் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் அதை மெலிதாக்க வேண்டும், கண்ணாடித் தகடு வேண்டும், மேலே மூடுகண்ணாடி வேண்டும், சாயம் வேண்டும். 40 லென்ஸுக்கும் பொருளுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் சந்துதான். கொஞ்சம் அதிகம் திருகினால் கண்ணாடி நொறுங்கும். படமும் தலைகீழாகத் தெரியும், இடது பக்கம் தள்ளினால் வலது பக்கம் ஓடும். பழகிய கைக்கு இது ஒன்றுமில்லை. முதல் நாள் பிள்ளைக்குப் பெரிய தடை.

ஸ்டீரியோவில் அந்தத் தொல்லையே இல்லை. லென்ஸுக்கும் மேடைக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருக்கும். கொல்லையில் கிடைத்ததை அப்படியே வைத்துப் பார்க்கலாம். படம் நேராகத் தெரியும், ஊசியால் பூவைப் பிரித்துக்கொண்டே பார்க்கலாம். 20 மடங்கில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலம் தெரியும். ஒரு முழு எறும்பு, அதன் கண், கொடுக்கு, முடி எல்லாம் தெரியும். கொசுப்புழு மூச்சு விட மேலே வருவது தெரியும். வீடூர் அணைத் தண்ணீரை ஒரு மூடியில் ஊற்றி வைத்தால் தண்ணீர்ப்பூச்சிகள் நீந்துவதைப் பார்த்துக்கொண்டே பொழுது போகும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கூட்டு மைக்ராஸ்கோப் பள்ளியில் இருக்கிறது. நம் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் போய்க் கேளுங்கள், ஒன்றிரண்டாவது இருக்கும். பீரோவில். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) இருப்புப் பதிவேட்டில் வருஷா வருஷம் "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதுவோம். நல்ல நிலையில் இருக்கும்தானே, வெளியே எடுத்தால்தானே கெடும். உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம். சாவி ஒருவரிடம், பீரோ இன்னொருவர் பொறுப்பில். நான் ஆசிரியர் பயிற்சி முடித்த இடைநிலை ஆசிரியர், சின்ன வகுப்புக்காரன். "உங்க பிள்ளைங்களுக்கு எதுக்கு சார் இது" என்பார்கள். பெற்றோர்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சுண்டல் பொட்டலம் மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், மாதத்தில் ஒரு நாள் மைக்ராஸ்கோப்பை மேசைக்குக் கொண்டுவாருங்கள் என்று எழுந்து நின்று கேட்க வேண்டும். வீட்டுப் பணத்தை, பள்ளியில் இல்லாததற்குச் செலவு செய்யுங்கள்.

செல்லும் வீட்டிலேயே பார்க்க வேண்டுமே என்றால் போல்ட்ஸ்கோப் இருக்கிறது. மீரட்டில் பிறந்து கான்பூர் ஐஐடியில் படித்த மனு பிரகாஷ் என்பவர், அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் தன் மாணவருடன் சேர்ந்து செய்தது. 2014-இல் வெளியே சொன்னார்கள். காகித அட்டையை மடித்துச் செய்யும் மைக்ராஸ்கோப், உள்ளே மணி போல ஒரு கண்ணாடி உருண்டை, 140 மடங்கு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு வரை பிரித்துக் காட்டும். காந்தம் வைத்துப் போனில் ஒட்டிப் படமும் எடுக்கலாம். குவியம் பிடிக்கப் பொறுமை வேண்டும், அதனால் இதை மட்டும் கொடுத்தாலும் பிள்ளை சலித்துவிடும். ஸ்டீரியோவோடு சேர்த்துக் கொடுத்தால் நல்ல ஜோடி.

பட்ஜெட் ஆயிரத்துக்குள்தானா? வெட்கப்பட ஒன்றுமில்லை. புவியியல்காரர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலையும் பத்து மடங்கு மடக்கு லென்ஸ் ஒன்று, கண்ணாடி லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பொருளைக் கிட்டே கொண்டுவர வேண்டும். துப்பறியும் கதை அட்டைப்படத்தில் வருவது போலக் கையை நீட்டிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. 2000 மடங்குப் பெட்டியைவிட இது நூறு மடங்கு மேல் (இந்த மடங்கு என் சொந்தக் கணக்கு).

யுஎஸ்பி கேமரா மைக்ராஸ்கோப் என்று பேனா மாதிரி ஒன்று விற்கிறது. 1000 மடங்கு என்பார்கள். கம்ப்யூட்டர் திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை அளந்து சொல்லும் கணக்கு அது. திரை பெரிதானால் மடங்கும் கூடிவிடும்! கல், காசு, துணி பார்க்கக் குறைந்த மடங்கில் பரவாயில்லை. ஆனால் பிள்ளை திரையைத்தான் பார்க்கும், பொருளைப் பார்க்காது. திரை பார்க்க இன்னொரு சாமான் வேறு வேண்டுமா?

படம் எடுப்பது பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம். என் பதில், முதல் வருஷம் கேமராவுக்கென்று தனியாக ஒரு பைசா போடாதீர்கள். கண்லென்ஸில் செருகும் கேமராக்களில் மலிவானவற்றின் உள்ளே இருக்கும் சில்லு சிறியது. நீங்கள் கண்ணால் பார்க்கும் வட்டத்தின் நடுவில் கொஞ்சத்தை மட்டும் பிடிக்கும். உங்கள் கையில் இருக்கும் போன் கேமரா அதைவிட நல்லது. போனைக் கண்லென்ஸின் மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, வெளிச்ச வட்டம் திரையில் முழுசாகத் தெரியும் வரை மெல்ல ஏற்றி இறக்குங்கள். கை ஆடும். அதற்குப் போன் பிடிப்பான் ஒன்று மட்டும் வாங்கலாம். திரையை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள், இரண்டு விநாடி டைமர் வையுங்கள். பொத்தானைத் தொடும்போது ஆடுவதில்தான் பாதிப் படம் கெடுகிறது.

மீதிப் பாதி வெளிச்சத்தில் கெடுகிறது. ஸ்டீரியோவோடு வரும் விளக்கு நேராக அடித்தால் எறும்பின் முதுகு பளிச்சென்று வெள்ளையாகிவிடும். படிக்கிற மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, நடுவில் பட்டர் பேப்பர் ஒன்றைப் பிடியுங்கள். மேகம் மூடின காலை வெளிச்சம் போல மென்மையாகிவிடும். கல்லுக்கும் மரத்துக்கும் பக்கவாட்டு வெளிச்சம்தான் மேடு பள்ளம் காட்டும். அடுத்தது ஆழம். ஒரே படத்தில் பூச்சியின் தலையும் காலும் தெளிவாக வராது. குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பத்துப் பதினைந்து படம் எடுத்து, அவற்றில் தெளிவான பகுதிகளை மட்டும் சேர்க்கும் மென்பொருளில் போட வேண்டும். பிகோலே என்று இலவசமாக ஒன்று கிடைக்கிறது. பேத்தி வீட்டில் இருந்தால் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொடுத்துவிடுவாள். எல்லாப் படத்திலும் ஓர் அளவு இருக்கட்டும். ஸ்கேலின் மில்லிமீட்டர்க் கோட்டை அதே மடங்கில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். அளவு இல்லாத படம் அழகான படம் மட்டும்தான்.

பிறகு ஆசை வளர்ந்து படம் எடுப்பதிலேயே இறங்குகிறவர்கள் மூன்று குழாய் உள்ள கூட்டு மைக்ராஸ்கோப்புக்குப் போகலாம். மேலே ஒரு குழாய் கேமராவுக்கென்றே இருக்கும். அது வேறு செலவு, வேறு வயசு.

வாங்கும்போது முடிந்தவரை நேரில் போய் வாங்குங்கள். நம் நாட்டில் இந்தக் கருவிகள் பெரும்பாலும் ஹரியானாவின் அம்பாலாவில் செய்து வருகின்றன. சென்னையில் பாரிமுனைப் பக்கம் லேப் சாமான் கடைகளில் கிடைக்கும். விலை கடைக்குக் கடை மாறும், பேரம் பேசலாம். பையில் ஒரு நாளிதழ்த் துண்டு, ஒரு சிட்டிகை மணல், ஒரு காசு எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளையையும் கட்டாயம் கூட்டிப்போங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கண்ணுக்குக் கண் இடைவெளி குறைவு. குழாய்கள் அந்த அளவுக்கு நெருங்காவிட்டால் பாவம், ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கும். நாளிதழ் எழுத்தின் ஓரத்தில் நீலமோ சிவப்போ தடித்துத் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது படம் ஒன்றாகச் சேர வேண்டும். இரண்டாகப் பிரிந்து நின்றாலோ ஐந்து நிமிஷத்தில் தலை வலித்தாலோ உள்ளே கண்ணாடிகள் ஒழுங்கில் இல்லை, நகர்ந்துவிடுங்கள். குவியம் பிடித்துவிட்டுக் கையை எடுத்து ஒரு நிமிஷம் பொறுங்கள். தானாகக் கீழே இறங்கினால் அதுவும் வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் நம்முடையது. கூட்டு மைக்ராஸ்கோப் வாங்குகிறவர்கள் கூடுதலாக ஒன்று பாருங்கள். 4 லென்ஸில் குவியம் பிடித்துவிட்டு 10, 40 என்று சுழற்றினால், சின்னக் குமிழைச் சற்றுத் தொட்டாலே படம் வர வேண்டும், நடுவிலிருந்தது நடுவிலேயே நிற்க வேண்டும். அடியில் விளக்குக்குப் பதில் கண்ணாடி இருக்கும் மாடல் என்றால், அந்தக் கண்ணாடியைச் சூரியனுக்கு நேராகத் திருப்பக் கூடாது என்று பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். கண் போய்விடும். வெள்ளைச் சுவரிலிருந்து வரும் வெளிச்சம் போதும்.

வாங்கி வந்தபின் நம்மூருக்கு இரண்டு எதிரிகள். முதலாவது குவாரித் தூசி. கிரஷர் ஓடும் ஊரில் லென்ஸின் மேல் விழுவது கருங்கல் பொடி. சட்டை முனையால் துடைத்தால் லென்ஸை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. முதலில் ரப்பர் பந்தால் ஊதித் தூசியைப் போக்கிவிட்டு, பிறகுதான் லென்ஸ் தாளால் தொட வேண்டும். இரண்டாவது ஐப்பசி கார்த்திகை மழை. ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் சிலந்தி வலை மாதிரி படரும், பிறகு போகாது. துணிப்பையிலும் ஸ்பாஞ்சு வைத்த பெட்டியிலும் மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அதைவிட நல்ல மருந்து, வாரம் ஒரு முறையாவது வெளியே எடுத்துப் பார்ப்பது.

கடைசியாக ஒன்று, இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மைக்ராஸ்கோப் வந்த மறுநாளே பிள்ளைகளுக்குக் கல்மரத் துண்டு வேண்டும் என்று தோன்றும். பூங்காவிலிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. சட்டம் தடுக்கிறது என்பது ஒரு பக்கம். ஒரு ஊரே ஆளுக்கொரு சில்லு எடுத்தால் என்ன மிஞ்சும் என்பது இன்னொரு பக்கம். எத்தனையோ வீட்டு ஷோகேஸில் கல்மரத் துண்டைப் பார்த்திருக்கிறேன், யாரும் அதை ஒரு லென்ஸ் வைத்துக்கூடப் பார்த்ததில்லை. வேலிக்கு வெளியே வயலில் தட்டுப்பட்டாலும் கிடக்கும் இடத்திலேயே வைத்துப் பாருங்கள். கல்லை வீட்டு மைக்ராஸ்கோப்புக்குக் கொண்டுவர வேண்டாம், மடக்கு லென்ஸைக் கல்லிடம் கொண்டுபோனால் போதும். வெயில் சாய்ந்த நேரத்தில் போங்கள். காவலரிடம் சொல்லிவிட்டு, அடிமரத்தின் குறுக்கு முகம் தெரியும் இடமாகப் பார்த்து, பாட்டில் தண்ணீரில் விரலைத் தொட்டு அந்த இடத்தை ஈரமாக்குங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு குனியுங்கள். நாலைந்து இடம் மாற்றிப் பார்த்தால் எங்காவது ஒரு இடத்தில் புள்ளிப் புள்ளியாகக் குழாய்கள் தெரியும். அதன் மேல் போனை வைத்து ஒரு படம், பக்கத்தில் ஸ்கேல் வைத்து இன்னொரு படம். வீட்டில் சீவி வைத்த புளியங்கட்டையின் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.